எட்டு அங்குலப் புல்

கலியாணப் புரோக்கர் கேட்டார்:
பிள்ளைக்குப் பலாலி எயார்போட்டில் என்ன உத்தியோகம்?
கந்தோர் வேலை, என்றா அம்மா.
அறைக்குள்ளே இருந்து நான் திருத்தினேன்,
காகம் கலைக்கிறது.
அவர் தேத்தண்ணியை முடிக்கவில்லை.

தினைப்புனத்தில் கிளி கலைத்தவளுக்கு
வேலோடு ஒருவன் வந்தானாம்.
எனக்கு வருவது பத்து இருபதுக்குச் சென்னை விமானம்.
அதற்கு முன் ஓடுபாதையை
இரண்டு தரம் ஜீப்பில் சுற்ற வேண்டும்.

புல்லைப் பற்றிச் சொல்கிறேன்.
ஒட்ட வெட்டினால் ஆள்காட்டி வந்து குந்தும்.
வளர விட்டால் எலி,
எலிக்குப் பின்னால் சாரை,
சாரைக்கு மேலே பருந்து,
பருந்துக்கு நேரே எழுபது பேரோடு ஒரு விமானம்.
ஆகவே எட்டு அங்குலம்.
முழங்காலில் செம்மண் ஒட்ட
அடிமட்டம் வைத்து அளக்கிறேன்.
மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பினால்
எந்த அளவும் செல்லாது.
தகைவிலான்கள் ஓடுபாதையைக் குறுக்கும் மறுக்கும்
தைத்துக்கொண்டே இருக்கும்.

மயிலிட்டித் துறைக்குப் போனேன்,
மீன் குடலை மூடி வையுங்கோ என்று கேட்க.
பிலோமினா அக்கா கத்தியை நிறுத்தவில்லை.
"இருபத்தேழு வருசம் நாங்களே இங்கை இல்லை.
அப்ப உந்தப் பருந்து என்னத்தைத் திண்டது?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
மூடியுள்ள பீப்பா இரண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.
ஒன்றில் இப்போது தண்ணீர் பிடிக்கிறா.

ஆள்காட்டி
ஓடுபாதை விளிம்புச் சரளையில் நாலு முட்டை இட்டிருந்தது.
கல்லின் நிறம், கல்லின் புள்ளி.
மிதிக்கப் போன கடைசி நொடியில்தான் கண்டேன்.
இடம் மாற்றினால் தாய் ஏற்காது என்றார்கள்.
எடுத்தேன்.
தொப்பிக்குள் வைத்தபோது இளஞ்சூடு.
தலைக்கு மேல் அது கத்திக்கொண்டே வந்தது.
அந்தப் பேர்
எங்கள் பக்கத்தில் மனிதருக்கும் இருந்தது.
இது முகத்தை மூடாமல் கத்துகிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினொரு நாள் கழித்து
விமான மூக்கில் ஒரு கை அகல இரத்தம்.
விமானி கோப்பி கேட்டார்.
நான் இறகுகளைப் பொலித்தீன் பையில் இட்டு
படிவம் நிரப்பினேன்.
இனம்: ஆள்காட்டி. எண்ணிக்கை: ஒன்று.
அதே பறவையா? தெரியாது,
அதற்கு அடையாள அட்டை இல்லை.
சேதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப்
பேனையை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வெடியைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

முதல் மாதம் துவக்குப் போல ஒன்று தந்தார்கள்,
சுட்டால் வானத்தில் போய் வெடிக்கும்.
முதல் வெடிக்கே உண்ணிக்கொக்கு முழுக்க எழும்பியது.
வேலிக்கு அப்பால், வசாவிளானில்,
கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர்
நிலத்தில் குப்புற விழுந்தார்.
காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி.
யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத மாதிரி.

பின்னேரம் மகள் வாசலுக்கு வந்தாள், பேர் சுகிர்தா.
சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
அவள் கேட்டது நேரம்.
"எத்தினை மணிக்குச் சுடுவீங்கள்?
முதலே தெரிஞ்சால் ரேடியோவைக் கூட்டி வைப்பம்."

கொக்குக்கு நேர அட்டவணை இல்லையே, என்றேன்.
இருவரும் கொஞ்சம் யோசித்தோம்.
நம்பர் எழுதித் தந்தாள்,
பஸ் ரிக்கற்றின் பின்பக்கம்.

இன்று பத்து மணி ஐந்து நிமிடம்.
மேற்கு முனையில் கொக்கு நாற்பதுக்கு மேல்.
கோன் அடித்தேன். லைற் போட்டேன். அசையவில்லை.
கோபுரத்தில் இருந்து கேட்கிறார்கள்,
ஓடுபாதை சுத்தமா?
பொறுங்கோ, என்கிறேன்.
போனில் ஒரு மிஸ்ட் கோல்.
துவக்கைத் தூக்கியபடி நிற்கிறேன்,
காற்று இந்தப் பக்கம்தான்,
வேலிக்கு அப்பால் யாரோ செய்தி வாசிக்கிற குரல்
மெல்ல மெல்ல உயரும் வரைக்கும்.